வீடு திவாலாகவில்லை

திவால் நீதிமன்றம் லாண்டரிக்காரரை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்குக் கடனிலிருந்து விடுதலை செய்தது. மொத்தம் நான்கு நிமிடம் பிடித்தது. அதில் இரண்டு நிமிடம் நீதிபதி தன் மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் போயிற்று.

கண்ணாடி கிடைத்ததும் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அந்த நீதிமன்றத்தில் விடுதலையாகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சொற்பொழிவு உண்டு. அதை அச்சடித்துக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள்.

“இந்த நிமிடத்தோடு நீங்கள் புதிதாகப் பிறந்துவிட்டீர்கள். உங்கள் பழைய கடன்கள் இறந்துவிட்டன. இனி உங்களிடம் எவரும் ஒரு காசு கேட்கக் கூடாது, கேட்டால் குற்றம். நேர்மையாக நடந்தும் நொடித்துப்போன மனிதனைச் சட்டம் ஒருநாளும் கைவிடுவதில்லை” என்று வாசித்தார். அப்புறம், அடைப்புக்குள் எழுதியிருந்தபடி, புன்னகை செய்தார்.

லாண்டரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணிலும் நீதிபதியின் சட்டைக் கழுத்துப்பட்டையில் மஞ்சளாக ஓடிய வியர்வைக் கோடு தெரிந்தது. சோப்பைக் குழைத்துத் தடவி அரைமணி ஊறவைத்தால் போய்விடும். அவருக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்துப்பட்டைதான் கண்ணில் படும்; இருபது வருடப் பழக்கம். அப்படி இருபது வருடம் நன்றாகப் போன கடையில், ஓட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகளை நம்பி இரண்டு பெரிய உலர்த்தும் இயந்திரங்கள் வாங்கினார். இயந்திரம் வந்த ஏழாவது மாதம் ஓட்டல் மூடிவிட்டது. அதோடு கடையும் போயிற்று. இப்போது ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்.

“ஐயா, அப்ப வீடு?” என்று கேட்டார்.

“எந்த வீடு?”

“நாங்க இருக்கிற வீடுங்க. கட்டும்போது பெரிய வங்கியில அடமானம் வச்சேன், நாப்பது லட்சம் நிக்குது. மிஷின் வாங்கும்போது அதே வீட்டை நிதிக் கம்பெனியில ரெண்டாவதா வச்சேன். அது பன்னண்டு லட்சம்.”

நீதிபதி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா கோப்பை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “வீடு திவால் மனு போடலைங்க ஐயா” என்றார்.

“அவ்வளவுதானே! மனுப் போட்டவர் நீங்க. விடுதலையும் உங்களுக்குத்தான். கடன் உங்க தலை மேல இருந்தது, அதை இறக்கியாச்சு. அடமானப் பிடி வீட்டு மேல இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும். கடன் செத்தாலும் பிடி சாகாது. ரொம்ப அருமையான தத்துவம் அது. வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சுப் பாருங்க, புரியும்.”

லாண்டரிக்காரர் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பார்த்தார். புரியவில்லை. மனைவியிடம் சொன்னார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“நீங்க தப்பிச்சிட்டீங்க. வீடு மாட்டிக்கிச்சு. நாம வீட்டுக்குள்ள இருக்கோம். அப்ப யாரு மாட்டிக்கிட்டது?”

மறுநாள் பெரிய வங்கிக்குப் போனார். மேலாளர் எழுந்து நின்று கைகுலுக்கினார். “வாழ்த்துகள்! இனிமே உங்ககிட்ட நாங்க தவணை கேக்கவே மாட்டோம். கேக்கறது சட்ட விரோதம். நீங்க கட்டத் தேவையில்லை. கட்டலைன்னா வீட்டை எடுத்துக்குவோம், அவ்வளவுதான். மத்தபடி இது முழுக்க முழுக்க உங்க விருப்பம்” என்றார்.

அதற்கென்று தனியாக ஒரு சாளரம் வைத்திருந்தார்கள். ‘தன்விருப்பத் தொகை’ என்று மேலே எழுதியிருந்தது. வரிசையில் நாற்பது பேர் தங்கள் விருப்பத்தோடு நின்றார்கள். லாண்டரிக்காரரும் சம்பளத்தில் முக்கால்வாசியை விருப்பத்தோடு கட்டினார். ரசீதில், ‘எவருடைய வற்புறுத்தலும் இன்றி’ என்று அச்சாகியிருந்தது. சம்பளம் அந்தப் பெரிய வங்கியை மட்டும்தான் தாங்கும். நிதிக் கம்பெனிக்கும் கட்டுவதென்றால் மூன்று பேரும் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

நிதிக் கம்பெனி அந்த வாரமே கடிதம் போட்டது. உறையின் மேல் ‘மதிப்பிற்குரிய வீடு அவர்களுக்கு’ என்று எழுதி, கீழே தெருவும் கதவு எண்ணும் போட்டிருந்தது.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அம்மா, அடுத்தவங்களுக்கு வந்த லெட்டரைப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லுவியே. இதைப் பிரிக்கலாமா?”

“வை. வீடே பிரிச்சுப் படிச்சுக்கும்.”

பத்து நாள் கழித்து வசூல்காரர் வந்தார். ஆள் வாட்டசாட்டம். போன வருடம் இதே வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தியவர்தான். இப்போது குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, லாண்டரிக்காரர் முகத்தைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“வீடு அவர்களே, வணக்கம். உங்க மேல பன்னண்டு லட்சம் நிக்குது. இந்த மாசத் தவணை வரலை. என்னைக்கு வரும்னு சொன்னா நல்லா இருக்கும்.”

“தம்பி, யாருகிட்டப்பா பேசறே?” என்றாள் மனைவி.

வசூல்காரர் பார்வையை நிலையிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். “வீட்டுகிட்ட பேசிக்கிட்டிருக்கேன். கடன்லேர்ந்து விடுதலையானவங்ககிட்ட நாங்க வாயைத் திறந்தா வேலை போயிடும். மூணு நாள் வகுப்பு எடுத்தாங்க. மனுஷங்க நடுவுல பேசாம இருந்தா புண்ணியமாப் போகும்.”

“போன வருஷம் என்னைப் பார்த்து அந்தக் கத்து கத்தினியே?”

“அது அவருக்குக் கடன் இருந்தப்ப” என்று அவர் நிலையிடம் சொன்னார். வீடு பதில் சொல்வதற்காக ஐந்து நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நல்ல வெயில். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “வீடே, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார்.

மனைவி சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு, சுவரைத் தொட்டு, “ரொம்ப நன்றி” என்று சொன்னார். பிறகு நோட்டில் ‘முதல் முறை நேரில் கேட்டும் வீடு மௌனம்’ என்று எழுதிக்கொண்டு போனார். இப்படி மூன்று முறை வந்தார். மூன்று முறையும் வீடு மௌனமாகவே இருந்துவிட்டதால், அதன் பிடிவாதப் போக்கைக் கண்டித்து ஏல எச்சரிக்கை வந்தது. அதுவும் வீட்டின் பெயருக்கே வந்தது, சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

லாண்டரிக்காரர் அதைப் பக்குவமாக ஈரம் வைத்து உரித்து எடுத்துக்கொண்டு, திவால் மனுவைப் போட்டுக்கொடுத்த வக்கீலம்மாவிடம் ஓடினார். வக்கீலம்மாவுக்கு நிற்க நேரம் கிடையாது. நீதிமன்ற நடைவழியில் அவர் நடந்துகொண்டே பேசுவார். கட்சிக்காரர்கள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கேட்க வேண்டும்.

“ஒரே ஒரு வழிதான் இருக்கு அண்ணே. முதல் அடமானம் எவ்வளவு?”

“நாப்பது லட்சம்மா.”

“உங்க வீடு நாப்பது லட்சம்கூடப் போகாதுன்னு நாம நிரூபிக்கணும். அப்ப முதல் அடமானமே வீட்டை முழுசா முழுங்கிடும். ரெண்டாவதுக்கு உக்கார இடம் இருக்காது, அந்தரத்துல தொங்கும். அந்தரத்துல தொங்கற பிடியை அறுத்துடலாம்னு சட்டத்துல இருக்கு. பன்னண்டு லட்சமும் போயிடும். பெரிய வங்கிக்கு மட்டும் கட்டிக்கிட்டு நிம்மதியா இருங்க.”

“நாப்பதுக்குக் கொஞ்சம் மேல போச்சுன்னா?”

“ஒரு காசு மேல போனாலும் பன்னண்டு லட்சமும் அப்படியே நிக்கும்.”

“ஒரு காசு மேல பன்னண்டு லட்சம் எப்படிம்மா நிக்கும்?”

“ஒத்தைக் கால் ஊன இடம் கிடைச்சா சட்டத்துக்குப் போதும். கவலைப்படாதீங்க, உங்க தெருவுல எந்த வீடும் அவ்வளவு போகாது. திங்கக்கிழமை மதிப்பீட்டாளர் வருவார். வீட்டை அப்படியே வச்சிருங்க. புதுசா எதையும் உடைச்சுக் கிடைச்சு வைக்காதீங்க, அது மோசடி. இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்.” வக்கீலம்மா ஒரு கதவுக்குள் நுழைந்து மறைந்தார். லாண்டரிக்காரர் மூச்சு வாங்க நின்றார்.

இருக்கிறபடி இருந்த வீடு நன்றாகத்தான் இருந்தது, அதாவது மோசமாக. கூடத்துச் சுவரில் மேலிருந்து இடுப்புயரம் வரை ஈரக் கறை இறங்கியிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் பச்சை. ஜன்னல் கம்பிகளில் துரு. திரைச்சீலை என்ன நிறம் என்று யாரும் துணிந்து சொல்ல முடியாது. கடை மூடியதிலிருந்து இரண்டு வருடமாக வீட்டில் எதையும் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

அந்தக் கறையை இப்போது லாண்டரிக்காரர் நன்றியோடு பார்த்தார். “நல்லா இருடாப்பா. திங்கக்கிழமை வரைக்கும் இப்படியே இரு” என்று அதனிடம் சொன்னார்.

“நீங்களும் சுவருகிட்ட பேச ஆரம்பிச்சாச்சா?” என்றாள் மனைவி.

சனிக்கிழமை வரை தாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், திரைச்சீலையின் நுனியைச் சும்மா விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“வக்கீலம்மா என்ன சொன்னாங்க?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“வீட்டைத்தான் தொடக் கூடாதுன்னாங்க. இது துணி. துணி வீட்டுல சேராது.”

அவள் யோசித்தாள். “வர்றவர் ஆபீசர். இந்தத் திரைக்கு நடுவுல அவரை உக்கார வச்சு டீ குடுத்தா, லாண்டரிக்காரன் வீட்டு லட்சணத்தைப் பாருன்னு ஊரெல்லாம் சொல்லுவார். சரி, திரையை மட்டும் அலசிப் போடுங்க.”

திரையை மட்டும்தான் அலசினார். அது வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடியதும் பக்கத்திலிருந்த கம்பியின் துரு கண்ணை உறுத்தியது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தால் கால்மணி நேர வேலை. கம்பி பளிச்சென்று ஆனதும் தரை சகிக்கவில்லை என்று மனைவியே வாளியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். தரை பளபளத்ததும் இருவரும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள்.

“வேணாங்க” என்றாள் மனைவி. ஆனால் அதை அவள் சொன்ன விதத்திலேயே பாதிச் சம்மதம் இருந்தது.

“ஓரத்துல மட்டும். அந்தப் பழுப்பை மட்டும்.”

எந்தச் சலவைக்காரனாலாவது கறையின் ஓரத்தை மட்டும் எடுக்க முடியுமா? பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசி, ஊறவைத்து, கழுவி, மேலே சுண்ணாம்பு அடித்தார். சாயங்காலம் நாலு மணிக்குச் சுவர், புதுச் சட்டையின் முதுகு மாதிரி நின்றது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சீட்டி அடித்ததை மகள் கேட்டாள்.

மதிப்பீட்டாளர் மெலிந்த மனிதர். அளவு நாடாவை நீட்டி மடக்கி எல்லா அறைகளையும் அளந்தார். கூடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தப் பக்கத்துல முந்நூறு வீடு பார்த்திருக்கேன். இப்படி ஒரு சுத்தத்தைப் பார்த்ததில்லை. திவாலானவங்க வீடுன்னா உள்ளே நுழையறப்பவே ஒரு வாடை அடிக்கும். இங்கே சோப்பு வாசம்! யாரு சார் செஞ்சது?”

“நாங்கதான் சார். ரெண்டு பேருமா” என்றார் லாண்டரிக்காரர். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவருக்கு இரண்டாவது தடவையும் டீ கொடுத்தார்கள். “நீங்க மனசு கோணாம இருந்தீங்க. நானும் மனசு கோணாம எழுதறேன்” என்று சொல்லி அவர் விடைபெற்றார்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பழைய கட்டடம், குறுகிய தெரு. ஆயினும் பராமரிப்பு மிகமிக நன்று. அதற்காகக் கூடுதல் ஆறாயிரம். மொத்த மதிப்பு நாற்பது லட்சத்து ஐந்நூறு.’

வக்கீலம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக நடைவழியில் நின்றார்.

“அண்ணே, சுவரை வெளுத்தீங்களா?”

லாண்டரிக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் பிளீச்சிங் பவுடரில் வெந்து தோலுரிந்திருந்தது. “ஆபீசர் வர்றாரேன்னு...” என்றார்.

பிடியை அறுக்கக் கேட்ட மனுவின் விசாரணைக்கு மனைவியும் வந்தாள். நிதிக் கம்பெனியின் வக்கீல் எழுந்து, “எங்கள் நிறுவனம் இந்த வீட்டின் மீது அசைக்க முடியாத நம்பிக்கை வைத்திருக்கிறது. முதல் அடமானம் போக ஐந்நூறு மிச்சமிருக்கிறது. அந்த ஐந்நூறின் மீது எங்கள் பன்னிரண்டு லட்சம் கம்பீரமாக நிற்கிறது” என்று சொல்லி உட்கார்ந்தார்.

லாண்டரிக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். “ஐயா, அந்த ஐந்நூறை இப்பவே குடுத்துடறேன். எடுத்துக்கிட்டு விட்டுடச் சொல்லுங்க.”

நீதிபதி பதறிப்போய்க் கையை ஆட்டினார். “உள்ள வைங்க, உள்ள வைங்க! நீங்க விடுதலையானவர். உங்ககிட்ட காசு வாங்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தா, என் உத்தரவை நானே மீறின மாதிரி ஆயிடும்.”

“அப்ப அந்தக் கறையைத் திரும்பக் கொண்டுவந்துடறேன் ஐயா. எப்படி வரவைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.”

“அது மோசடி. ஜெயில்.”

மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள். “ஐயா, அந்த ஐந்நூறு வீட்டுல எந்த இடத்துல இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. இடிச்சுக் குடுத்துடறோம். எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

நீதிபதி அவளைக் கனிவோடு பார்த்தார். அவர் நிஜமாகவே கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் மேல்முறையீடாவது செய்யலாம். “ஐந்நூறு ஒரே இடத்துல இருக்காதும்மா. அது வீடு முழுக்கப் பரவியிருக்கும். சமையலறையிலயும் இருக்கும், நீங்க படுக்கிற இடத்துலயும் இருக்கும். பிரிச்செடுக்க முடியாது. ஒரு வீட்டுக்கு எந்த அளவுக்கு மதிப்பு இருக்கோ, அந்த அளவுக்கு அதைச் சட்டம் மதிக்கும். உங்க வீட்டை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அதனாலதான் ஏலம் விடறோம்.”

ஏலம் வீட்டின் முன்னிலையில்தான் நடக்க வேண்டுமாம். அதனால் தெருவிலேயே மேஜை போட்டார்கள். காலையிலேயே நீதிமன்ற அமீனா வந்து, ஆட்களையும் சாமான்களையும் வெளியேற்றி, கதவில் புதுப் பூட்டைத் தொங்கவிட்டார். விடுதலையான மனிதரை அவமானப்படுத்தக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் ‘தயவுசெய்து’ என்று ஒவ்வொரு சாமானுக்கும் சொன்னார். கட்டில் தயவுசெய்து. பானை தயவுசெய்து. லாண்டரிக்காரர் வாடகைக்குப் பிடித்த சின்ன லாரியில் எல்லாம் ஏறின. இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை கிடைத்திருந்தது. கட்டில் நுழையாது என்பது அவருக்குத் தெரியும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏலம் கேட்க நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் ஒரே காரில் வந்தார்கள். முப்பத்தைந்தில் ஆரம்பித்து முப்பத்தாறு லட்சத்தில் முடிந்தது. ஒருவர் கேட்டார், மற்ற மூவரும் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு லட்சமும் முதல் அடமானத்துக்குப் பெரிய வங்கிக்குப் போயிற்று. குறைந்த நாலு லட்சத்தை யாரும் லாண்டரிக்காரரிடம் கேட்கவில்லை, கேட்டால் குற்றம். நிதிக் கம்பெனிக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. அவர்களுடைய வக்கீல் அதை ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வேறு மூன்று ஏலங்களுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

பன்னிரண்டு மணிக்கு வக்கீலம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு தாள் படபடத்தது. ஓடியே வந்தார்.

“அண்ணே! நாம ஜெயிச்சிட்டோம்!”

லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டிருந்த லாண்டரிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மறுபரிசீலனை மனுப் போட்டிருந்தேன்ல? ஏலத் தொகை வந்ததும் போன்லயே சொல்லிட்டேன். நீதிபதி ஐயா உடனே எடுத்துக்கிட்டார். கேளுங்க.” அவர் மூச்சு வாங்க வாசித்தார். “‘பகிரங்க ஏலத்தில் வீட்டின் உண்மையான மதிப்பு முப்பத்தாறு லட்சமே என்று தெரியவந்துள்ளது. ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கை தவறு. இரண்டாவது அடமானப் பிடி தொடக்கத்திலிருந்தே அந்தரத்தில்தான் தொங்கியது என்ற மனுதாரரின் வாதம் முற்றிலும் சரி. பிடி அறுக்கப்படுகிறது. மனு அனுமதிக்கப்படுகிறது.’ முற்றிலும் சரின்னு போட்டிருக்கார் பாருங்க! இது சட்டப் புத்தகத்துல ஏறிடும். இனிமே உங்க கேஸை வச்சுத்தான் எல்லாரும் வாதாடுவாங்க.”

“ஏலத்தை நிறுத்திடுவாங்களாம்மா?”

“அது எப்படி அண்ணே? ஏலம் நடந்ததாலதானே நாம ஜெயிச்சோம்.”

மனைவி லாரிக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஒரு கையில் மகளின் பள்ளிக்கூடப் பை, மறு கையில் மடித்த திரைச்சீலைகள்.

“என்னங்க சொல்றாங்க?”

“நாம கேஸ்ல ஜெயிச்சிட்டோமாம்.”

அவள் வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது நிஜமான சந்தோஷத்தில் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை நம்பி, “அப்ப சாமானை இறக்கிடலாமா?” என்று கேட்டாள்.

வக்கீலம்மா தாளை நான்காக மடித்தார். வண்டிக்காரர்தான் தலையை வெளியே நீட்டினார்.

“இறக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். கட்டின கயித்தை அவுக்கறதுக்குத் தனிக் கூலி.”

“கட்டினது கட்டினபடியே இருக்கட்டும்” என்றார் லாண்டரிக்காரர்.